அடிமட்டக் கூலியும் நேரடிச் சகாயமும்

ஏழைக்குப் பணமாகக் கொடுப்பதைக் காட்டிலும் வேலையாகக் கொடுப்பதே மேல் என்ற அபிப்பிராயம், தர்ம சாஸ்திரம் படித்தவரிடத்தும், பொருளாதார சாஸ்திரம் படித்தவரிடத்தும், இரண்டையும் படியாமல் திண்ணையில் உட்கார்ந்து உலக நியாயம் பேசுகிறவரிடத்தும் ஒரே உறுதியோடு வேரூன்றியிருப்பதைக் காண்கிறோம். கூலி எவ்வளவு சொற்பமானாலும் அது உழைத்துப் பெற்றது. அதனால் மனிதனுடைய மானம் காக்கப்படுகிறது. இன்று கடைநிலையில் நுழைகிறவன் நாளை மேஸ்திரியாவான், பிறகு தானே ஒரு சிறு முதலாளியாகவும் ஆவான். சும்மா கொடுக்கும் பணமோ செலவழிந்து போவதோடு சோம்பலையும் வளர்த்துவிட்டுப் போகும். இவ்வளவும் அந்த அபிப்பிராயத்துக்குள் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் மானத்தைப் பற்றிய பகுதியை மறுக்க நான் வரவில்லை. மற்றப் பகுதிகள் அளந்து பார்க்கக் கூடியவை; அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அளந்தவர்கள் வேலையின் பக்கம் சாய்ந்த மனத்தோடே அளக்கப் புறப்பட்டவர்கள் என்பதும், அளந்து முடித்தபின் தங்கள் பழைய கருத்தைப் பத்திரிகையில் பகிரங்கமாகவே கைவிட்டார்கள் என்பதும் இந்த விஷயத்துக்கு ஒரு தனிச் சுவையைத் தருகின்றன.

இந்த அபிப்பிராயத்துக்கு நீண்ட வம்சாவளி உண்டு. 1795ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி, இங்கிலாந்தில் பெர்க்‌ஷயர் ஜில்லாவின் மாஜிஸ்திரேட்டுகள் ஸ்பீனம்லாந்து என்ற இடத்தில் ஒரு சத்திரத்தில் கூடி, ரொட்டியின் விலைக்கும் குடும்பத்தின் தலைக்கணக்குக்கும் தக்கபடி, கூலி போதாத உழைப்பாளிக்கு வேண்டிய மிச்சத்தைப் பொதுவில் வசூலான ஏழை வரியிலிருந்து ஈடுகட்டுவது என்று தீர்மானித்தார்கள். சுமார் நாற்பது வருஷம் பல ஜில்லாக்களில் நடந்துவந்த இந்த ஏற்பாடே உழைப்பாளியைச் சோம்பேறியாக்கிற்று என்று 1834இல் நாஸோ சீனியரும் எட்வின் சாட்விக்கும் முன்னின்று எழுதிய அறிக்கை தீர்ப்புக் கூறியது. சகாயம் பெறுகிறவனுடைய நிலை, மிகக் குறைந்த கூலி பெறும் உழைப்பாளியின் நிலைக்கும் கீழாகவே இருக்க வேண்டும் என்ற சூத்திரம் அப்போது பிறந்தது. அந்தச் சூத்திரம் செங்கல்லும் சுண்ணாம்புமாக உருவெடுத்ததுதான், புருஷனையும் மனைவியையும் குழந்தைகளையும் தனித்தனியே பிரித்து அடைத்த ஏழை விடுதி. அந்த அறிக்கையின் சாட்சியங்களை 1963இல் மார்க் பிளாக் என்ற பொருளாதார ஆசிரியர் மீண்டும் ஆராய்ந்து, சகாயம் கூலியைக் கீழிறக்கியது என்ற முடிவுக்கு அவற்றில் ஆதாரமில்லை என்று காட்டினார். ஆனால் நூற்றிருபது வருஷத்துக்குமேல் நடமாடிவிட்ட ஒரு தீர்ப்பு, மேல்முறையீட்டில் தோற்றுப்போனதை யார் கவனிக்கிறார்கள்!

சூத்திரம் கப்பலேறி நம் கரைக்கும் வந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் நினைவில் நின்ற 1876-78 பஞ்சத்தில், சென்னை ராஜதானியில் நிவாரண வேலைகளில் மண் சுமந்தவர்களுக்கு, செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தை அளவாக வைத்துக் கூலியை வெட்டினார். அவ்வளவு ஆகாரத்தில் கடும் உழைப்புச் செய்யும் உடல் நிலைக்காது என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அந்த அளவு உயர்த்தப்பட்டது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண உழைப்பால் வெட்டப்பட்டதே. வேலை கொடுப்பதும் சகாயம் செய்வதும் ஒன்றாகவே கலந்திருந்த அந்த இடத்தில், பசித்தவனுக்குச் சோறு போடுமுன் அவனிடம் வேலை வாங்கியே தீர வேண்டும் என்ற நிபந்தனை, உழைக்கச் சக்தியற்றவனை எங்கே கொண்டுபோய்விடும் என்பது பிரத்தியட்சமாயிற்று.

ஆயினும் வேலையின் கட்சிக்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு கௌரவமான தத்துவம் கிடைத்தது. மேற்கிந்தியத் தீவுகளில் செயின்ட் லூசியாவில் பிறந்து, மான்செஸ்டரில் ஆசிரியராயிருந்த ஆர்தர் லூயிஸ், 1954இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் ஏழை நாடுகளின் முன்னேற்றத்துக்கு ஒரு சித்திரம் தீட்டினார். கிராமத்திலும் சில்லறைத் தொழில்களிலும் தேவைக்கு மிஞ்சிய கைகள் குவிந்து கிடக்கின்றன; தொழிற்சாலை அவர்களுக்குப் பழைய ஜீவனத்தைவிடச் சற்று அதிகமான கூலி, சுமார் முப்பது சதவீதம் அதிகமான கூலி, கொடுத்து இழுத்துக்கொள்கிறது; முதலாளி லாபத்தை மீண்டும் தொழிலில் போடுகிறார்; மிஞ்சிய கைகள் தீர்ந்ததும் கூலி தானே ஏறத் தொடங்குகிறது. 1979இல் நோபல் பரிசு பெற்ற இந்தப் பேராசிரியருடைய சித்திரத்தில், தொழிற்சாலைக் கூலி பழைய ஜீவனத்தைவிட அதிகம் என்பது ஒரு மூலைக்கல். கடைநிலைத் தொழிலுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் எல்லாரும், அந்தக் கல் அங்கே இருக்கிறதா என்று குனிந்து பார்க்காமலே, அதன் மேல் நின்றுதான் பேசுகிறார்கள்.

குனிந்து பார்த்தது எத்தியோப்பியாவில். அந்நாடு தொழிற்சாலைகளை வரவழைத்துக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்கப் பேராசிரியர் கிறிஸ்தோபர் பிளாட்மனும், எத்தியோப்பிய கிராமங்களைப் பல வருஷம் ஆராய்ந்த ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் ஸ்டெஃபன் டெர்கனும், அந்நாட்டின் ஐந்து ஸ்தாபனங்களை அணுகினார்கள். பானம் புட்டியில் அடைப்பது, காலணி, நூலும் ஆடையும், மலர்ப் பண்ணை, காய்கறிப் பண்ணை ஆகியவை அந்த ஐந்தின் தொழில்கள். நாட்கூலி ஒரு டாலரிலிருந்து ஒன்றரை டாலர் வரை. காலியிடங்களைவிடத் தகுதியுள்ள விண்ணப்பக்காரர்கள் அதிகம். ஆகவே யாரை எடுப்பது என்பதைக் குலுக்கலுக்கு விட்டுவிடுவதில் முதலாளிகளுக்கு ஆட்சேபமில்லை. ஏறத்தாழ ஆயிரம் பேர். பெரும்பாலோர் இளம் பெண்கள். குலுக்கலில் ஒரு பிரிவினருக்கு வேலை கிடைத்தது. இன்னொரு பிரிவினருக்கு வேலைக்குப் பதிலாக 300 டாலரும், சிறு தொழில் நடத்துவதில் ஐந்து நாள் பயிற்சியும் கிடைத்தன. மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. 300 டாலர் என்பது அந்தத் தொழிற்சாலைக் கூலிக்கு இருநூறு முதல் முந்நூறு நாள் உழைப்பின் விலை என்பதைக் கவனிக்க வேண்டும். சகாயத் தொகை அற்பமானதல்ல.

குலுக்கலின் மகிமை என்னவென்றால், கெட்டிக்காரன் வேலைக்குப் போனான், அசமந்தன் சும்மா இருந்தான் என்று பின்னால் யாரும் சமாதானம் சொல்ல முடியாது. மூன்று பிரிவினரும் ஒரே வாசலில் ஒரே வேலைக்காக நின்றவர்கள்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, வேலை கிடைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் மாதத்திலேயே விலகியிருந்தார்கள். வருஷ முடிவுக்குள் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் அந்த வேலையில் இல்லை. தொழிற்சாலையில் வேலை நேரம் அதிகம், ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த கூலி வெளியில் கிடைத்ததைவிடக் குறைவு. ஆகவே சந்தையில் விற்றும் நாட்கூலிக்குப் போயும் காலம் தள்ளிய மூன்றாம் பிரிவினரைவிட இவர்களுடைய வருமானம் சொல்லத்தக்க அளவு ஏறவில்லை. லூயிஸின் மூலைக்கல் அங்கே இல்லை! வருமானம் ஏறாததோடு, கடுமையான உடல் உபாதைகளைச் சொன்னவர்களின் விகிதம் மட்டும் ஏறக்குறைய இருமடங்காயிற்று. பசை வாசனையிலும் பஞ்சுத் தூசியிலும் மருந்து தெளித்த பாத்திகளிலும் நாள் முழுவதும் நிற்பது எப்படிப்பட்டது என்பதை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. பணம் பெற்றவர்களோ சிறு வியாபாரத்திலும் கைத்தொழிலிலும் இறங்கி, ஒன்றும் பெறாதவர்களைவிட 33 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பிற்பாடு தொழிற்சாலை வேலைக்குப் போகும் சாத்தியமும் அவர்களிடத்துப் பாதியாகக் குறைந்தது.

இதில் என் மனத்தை அதிகம் கவர்ந்த குறிப்பு ஒன்று உண்டு. தொழிற்சாலைக்குப் போனவர்களில் பலர் அதை ஜீவனத் தொழிலாகக் கருதிப் போகவில்லை. வேறு கதி கிடைக்கும் வரையில், கணவன் கைவிட்டாலோ வியாபாரம் நொடித்தாலோ ஒதுங்கி நிற்க ஒரு நிழலாகத்தான் போனார்கள். ஆக, வேலையானது சகாயமாகப் பயன்பட்டது. சகாயமானது வேலையை உண்டாக்கிற்று. இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பட்டிமண்டபம் நடத்துகிறவர்கள் இந்த இடமாற்றத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதல் வருஷத்து முடிவு வெளிவந்ததும் நேரடிச் சகாயத்தின் கட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் நீடிக்கவில்லை. அதே ஆசிரியர்கள், ஸைமன் ஃபிராங்ளின் என்ற மற்றோர் ஆய்வாளரையும் சேர்த்துக்கொண்டு, ஐந்து வருஷம் கழித்து அதே மனிதர்களைத் தேடிப் போனபோது, மூன்று பிரிவினருக்கும் இடையே எந்த வித்தியாசமும் ஏறக்குறைய மிஞ்சவில்லை. பணம் பெற்றவர்கள் தங்கள் சிறு தொழிலை விட்டுவிட்டிருந்தார்கள். தொழிற்சாலை தந்த உடல் உபாதையும் பெரும்பாலும் மறைந்திருந்தது. வருமானம் மூவருக்கும் ஒன்றே. உகாண்டாவில் 2008இல் இளைஞர் குழுக்களுக்குத் தலைக்குச் சுமார் 380 டாலர் கொடுத்த அரசாங்கத் திட்டத்திலும் இதே கதை: நான்கு வருஷத்தில் வருமானம் 38 சதவீதம் ஏறியிருந்தது, ஒன்பது வருஷத்தில் மற்றவர்கள் எட்டிப்பிடித்துவிட்டார்கள். வேலையின் கட்சியார் முதல் முடிவை மறந்துவிட்டு இரண்டாவதைச் சொல்கிறார்கள். பணத்தின் கட்சியார் இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதைச் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் உண்மை எளியது: ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, வறுமையின் எல்லாக் கட்டுகளும் அறுந்து விழும் என்று எதிர்பார்ப்பதற்கு ஆதாரமில்லை. அப்படியிருந்தும் ஐந்து வருஷத்தில் இரண்டும் சமமாகிவிட்டபடியால் இரண்டும் ஒன்றே என்று சொல்வது நியாயமாகாது. இடையிலுள்ள காலத்தில் ஒருவர் நன்றாகச் சாப்பிட்டார், மற்றவர் வியாதியோடு வேலை செய்தார்.

பின் எதற்காகத் தேசங்கள் தொழிற்சாலைகளைத் தவம் கிடந்து வரவழைக்கின்றன? இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன, இரண்டும் ஒரே ஏட்டில் கலந்து எழுதப்படுகின்றன. தொழிற்சாலையால் நாட்டுக்கும் அடுத்த தலைமுறைக்கும் விளையும் நன்மை ஒரு கணக்கு. முதன்முதலில் அதன் வாசலைத் தாண்டும் தொழிலாளிக்கு விளையும் நன்மை வேறொரு கணக்கு. வங்காள தேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள கிராமங்களில் பெண் குழந்தைகள் அதிக காலம் பள்ளிக்குப் போகிறார்கள், கல்யாணமும் பிரசவமும் தள்ளிப்போகின்றன என்று ரேச்சல் ஹீத், முஷ்ஃபிக் மொபாரக் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எழுதவும் கணக்குப் போடவும் தெரிந்த பெண்ணுக்கு வேலை உண்டு என்று தகப்பன் கண்டுகொண்டது அதற்கு ஒரு காரணம். இது முதல் கணக்கில் வரவு. அதே நாட்டில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி சாவார் நகரில் ராணா பிளாஸா இடிந்து விழுந்து ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குப் பிறகே கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தமும், குறைந்தபட்சக் கூலி மாதம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்ததும் வந்தன. அந்த மரணங்கள் இரண்டாவது கணக்கில் செலவு. முதல் கணக்கின் வரவு எங்கும் நிச்சயம் என்றும் சொல்வதற்கில்லை. மெக்ஸிகோவில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தில், புதிதாக உண்டான ஒவ்வொரு இருபத்தைந்து வேலைக்கும் ஒரு மாணவன் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டான் என்று டேவிட் அட்கின் கணக்கிட்டார். வங்காள தேசத்தில் படிப்பை வளர்த்த அதே தொழிற்சாலை, மெக்ஸிகோவில் படிப்பைத் தின்றது.

எத்தியோப்பியாவுக்கே திரும்புவோம். தலைநகருக்குத் தெற்கே 2016இல் ஹவாஸா தொழிற்பேட்டை திறக்கப்பட்டபோது, உலகத்திலேயே மலிவான தையற்காரிகள் இங்கே கிடைப்பார்கள் என்பதே வெளிநாட்டு ஸ்தாபனங்களுக்குச் சொல்லப்பட்ட வாசகம். அது பொய்யல்ல, அடிப்படைச் சம்பளம் மாதத்துக்கு 26 டாலர் என்று 2019இல் நியூயார்க் பல்கலைக்கழகத்து அறிக்கை ஒன்று குறிப்பிட்டது. அதே அறிக்கைதான், அங்குள்ள தொழிற்சாலைகளில் ஒரு வருஷத்துக்குள் சராசரியாக மொத்த ஆட்களும் மாறிவிடுகிறார்கள் என்பதையும் தெரிவித்தது. வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்கள், வீட்டு வாடகையும் சாப்பாடும் போக ஊருக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாததைக் கண்டு திரும்பிப் போனார்கள். முதலாளிகள் இதை ஒழுக்கக் குறைவு என்றார்கள். கணக்குத் தெரிந்தவர்களின் செயல் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆட்கள் நிற்காமல் ஓடுவது புதிய வியாதியன்று; முதலாளிகள் அதற்கு இருவேறு வைத்தியம் செய்திருக்கிறார்கள். ஹென்றி ஃபோர்டின் மோட்டார்த் தொழிற்சாலையில் 1913இல் ஆள் மாற்றம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் நாட்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி ஐந்து டாலராக அறிவித்தபின், அந்த வருஷம் அது 54 சதவீதத்துக்கு இறங்கிற்று. (தொழிலாளி வீட்டில் எப்படி வாழ்கிறான் என்று பார்க்க ஆள் அனுப்பியதும் அதே ஃபோர்டுதான், முழுப் புண்ணியவானாக அவரை எண்ண வேண்டியதில்லை.) மற்ற வைத்தியத்துக்கு நம் கொங்கு நாட்டு நூற்பாலைகளைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. சுமங்கலித் திட்டம் என்ற மங்களகரமான பெயரில், தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கல்யாணமாகாத பெண்களை அழைத்து வந்து, ஆலை வளாகத்து விடுதியில் வைத்து, மூன்று வருஷம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி, மாதக் கூலியின் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். நடுவில் நோயோடு திரும்பிய பெண்களில் பலர் அந்தத் தொகையைக் காணவில்லை. ஓடாமலிருக்க ஒருவர் கூலியைக் கூட்டினார். மற்றவர்கள் கொடுக்க வேண்டிய கூலியையே பூட்டாக மாற்றினார்கள். எந்த வைத்தியத்தை முதலாளி தேர்ந்தெடுப்பார் என்பது அவருடைய தர்ம சிந்தனையைவிட, அந்தப் பெண்ணுக்கு வேறு போக்கிடம் உண்டா என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் நேரடிச் சகாயத்தின் மெய்யான பலன் வெளிப்படுகிறது. அது வேலைக்குப் போட்டியாக நிற்பதைவிட, வேலையின் விலையை உயர்த்துவதில்தான் பெரிய காரியம் செய்கிறது. ஆந்திரத்தில் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணம், கைரேகையும் அட்டையும் கொண்டு ஒழுங்காகப் போய்ச் சேரும்படி சீர்திருத்தியபோது நேர்ந்ததை கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகியோர் ஆராய்ந்தார்கள். ஏழைக் குடும்பங்களின் வருமானம் சுமார் 14 சதவீதம் உயர்ந்தது. அந்த உயர்வில் 85 சதவீதத்துக்குமேல் திட்டத்திலிருந்து வந்ததன்று, வெளியே மற்றவர்களிடம் செய்த வேலையிலிருந்து வந்தது. அரசாங்க வேலை நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்ததும், நிலக்காரர் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று சொல்லும் சக்தி உழைப்பாளியின் கையில் வந்ததும், கடைநிலை வேலையே சற்றுக் கண்ணியமான வேலையாகிறது. 1834இல் சகாயத்தை ஏன் கூலிக்கும் கீழே வைக்கச் சொன்னார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கூலி ஏறக்கூடாது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உட்பொருள்.

நீடித்துக் கொடுப்பதன் பலனுக்கும் எத்தியோப்பியாவே சாட்சி. 2005இல் அங்கே தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டம், வறட்சிப் பகுதிகளில் பல லட்சம் குடும்பங்களுக்கு வருஷந்தோறும் உழைப்புக்குப் பதிலாகத் தானியமோ பணமோ தருகிறது. உழைக்கச் சக்தியற்ற முதியவருக்கும் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் உழைப்பைக் கேட்காமலே தருகிறது. டெம்பிளின் காலத்தில் கற்றிருக்க வேண்டிய பாடத்தை ஒருவாறு கற்றுக்கொண்ட திட்டம் என்று இதைச் சொல்லலாம். அதில் ஐந்து வருஷம் இருந்த குடும்பங்களுக்கு, ஒரே வருஷம் இருந்தவர்களைவிட, வருஷத்தில் பசியோடு கழியும் காலம் ஒரு மாதத்துக்கும் அதிகமாகக் குறைந்தது.

ஆகவே குறைந்த கூலியுள்ள நுழைவு வேலை, நேரடிச் சகாயத்தைவிடத் தொழிலாளிக்கு அதிக நன்மை செய்கிறது என்ற கூற்று, பரிசோதித்த இடத்தில் நிலைநாட்டப்படவில்லை. ஒரு தடவை வீசியெறியும் தொகை அவனை நிரந்தரமாக உயர்த்திவிடும் என்பதும் நிலைநாட்டப்படவில்லை. மாதந்தோறும் தவறாமல் வரும் சிறு தொகையின் மேல் நின்றுகொண்டு, பிடிக்காத வேலையை மறுக்கவும் பிடித்த வேலையைத் தேடவும் முடிகிறவனுக்கே இரண்டாலும் பயன் உண்டு என்பது என் முடிவு.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. இதற்குப் பதிலாகத் தொழிற்சாலை வைத்து வேலை கொடுக்கலாமே என்று கேட்கிறவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. நல்ல எண்ணத்தோடு கேட்கிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களிடம் ஒரு விண்ணப்பம். அவர்கள் சுட்டிக்காட்டும் தொழிற்பேட்டைகளில், வாடகையும் பஸ் செலவும் சாப்பாடும் போகப் புதிய தொழிலாளியின் கையில் மாதக் கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு, சேர்ந்தவர்களில் ஒரு வருஷம் கழித்தும் அங்கேயே இருப்பவர் எத்தனை பேர் என்ற இரண்டு புள்ளிவிவரங்களை ஒவ்வோர் ஆலையும் வருஷந்தோறும் வெளியிடும்படி முதலில் கேட்டு வாங்கட்டும். சம்பள ஏடும் வருகைப் பதிவேடும் இல்லாத ஆலை கிடையாது. இந்த விவரங்களைத் திரட்ட ஒரு குமாஸ்தாவுக்கு ஒரு வாரம்கூட ஆகாது.